ஆறாயிரம் வேட்டுகள் – புதிய கைத்துப்பாக்கி பழகும் விதம்

புதிதாகக் கொத்திய அம்மியில் எடுத்தவுடன் கறிக்கு அரைக்கத் துணியும் இல்லத்தரசி எவரும் இலர். தவிட்டையோ பழைய அரிசியையோ இட்டு இரண்டு மூன்று முறை அரைத்து, கல்லின் துகள் முற்றாகக் கழியும்வரை அந்த மாவைப் புறத்தே கொட்டிவிடுவது நம்மவர் வழக்கம். புதுச் சட்டியை அரிசி கழுவிய நீரூற்றிக் காய்ச்சி எடுப்பதும், இளங்காளையைப் பாரமில்லாத வண்டிலிற் பூட்டி நடத்துவதும் இவ்வகையினவே. இவை யாவற்றையும் நாம் 'பழக்குதல்' என்னும் ஒரே சொல்லால் வழங்குகிறோம். கடையிலிருந்து வந்த பொருள் முழுமை பெற்ற பொருளன்று. கையாளக் கையாளவே அது தன் தொழிலுக்குரியதாகும் என்னும் அனுபவம் அச்சொல்லில் அடங்கியுள்ளது.

இச்சொல்லுக்குரிய பொருள்களுள் கைத்துப்பாக்கியும் ஒன்றென்பதைப் பலர் அறியார். சுடுகலன் என்றாலே மனங்கலங்கும் குடும்பங்கள் நம்மிடையே பல; அதன் காரணத்தை இங்கே விளக்கவேண்டியதில்லை. 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி உத்தரவுப் பத்திரமின்றி அதனை வைத்திருக்கவும் இயலாது. ஆயினும் பௌதிகமும் கணிதமும் பயிலும் மாணவர்க்கு, ஓர் இயந்திரத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்னும் கேள்வியை இதைப்போல் கூர்மையாக எழுப்பும் பொருள் வேறு அதிகமில்லை. தையற் பொறி இடையில் நின்றால் நூல் அறும். மோட்டார் வண்டி நின்றால் இறங்கித் தள்ளலாம். கைத்துப்பாக்கியோ வருடக்கணக்கில் உறையிற் கிடந்து, ஒரு நாள் ஒரு கணத்தில் வேலை செய்தல் வேண்டும் என்பதற்காகவே செய்யப்படுவது. அந்த ஒரு கணத்தில் அது மறுத்துவிட்டால் மீண்டும் முயல்வதற்கு அவகாசமில்லை.

கைத்துப்பாக்கிகளில் இரு பெரும் வகையுண்டு. ஒன்று சுழல் துப்பாக்கி. விசையை இழுக்கும் விரலின் வலிமையே அதன் உருளையைத் திருப்பி அடுத்த ரவையைக் குழலுக்கு நேரே கொணரும். ஒரு ரவை வெடியாது போயினும் மறுபடி விசையை இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும். அதற்குப் பழக்கம் அதிகம் வேண்டுவதில்லை. மற்றையது தன்னியக்க வகை. பழக்குதல் என்னும் பேச்சு இதனைப் பற்றியதே.

இதன் தொழிற்பாட்டைச் சற்றே நிதானமாக நோக்குவோம். வெடிமருந்து எரியுங்கால் எழும் வாயுவின் அமுக்கம் குண்டை முன்னோக்கித் தள்ளுகின்றது. அதே வேளை வெற்றுக்கூட்டைப் பின்னோக்கித் தள்ளுகின்றது. நியூற்றனின் மூன்றாம் விதியை இதனினும் உரத்த குரலிற் கூறும் கருவி வேறில்லை. குழலை மூடி அதன்மேல் அமைந்துள்ள கனத்த உருக்குக் கவசம், குழலோடு பூட்டுண்டபடி சிறிது தூரம் பின்செல்லும். பின்னர் குழலின் அடிப்பகுதி கீழே சாய, பூட்டு விடுபட்டுக் கவசம் மட்டும் தொடர்ந்து ஓடும். அதிலுள்ள சிறு கொக்கி வெற்றுக்கூட்டை இழுத்து வெளியே எறியும். இதற்கிடையில் ஒடுங்கிய சுருள்வில் விரிந்து கவசத்தை முன்னே தள்ளும். வரும் வழியிற் பிடியினுள்ளே உள்ள ரவைக்கூட்டிலிருந்து அடுத்த ரவையை அது உந்தி, ஒரு சிறு சரிவின்மேல் ஏற்றி, குழலினுட் புகுத்தும். குழல் நிமிர்ந்து மீண்டும் பூட்டுண்ணும். இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்துள் முடிந்துவிடும். இவற்றுள் ஒரு படி சற்றே பிந்தினாலும் அடுத்த படி நிகழாது. வெற்றுக்கூடு வெளியேறும் வாயிலிற் சிக்கி நிமிர்ந்து நிற்கும். அல்லது புதிய ரவை சரிவில் முட்டி நின்றுவிடும். அல்லது கவசம் முற்றாக மூடாது ஒரு நூலிடை வெளி விட்டு நிற்கும்.

புதுத் துப்பாக்கியில் இத்தடங்கல்கள் நேர்வதற்குக் காரணம் உராய்வே. கண்ணுக்குக் கண்ணாடிபோற் பளபளக்கும் உருக்கு, நுணுக்குக்காட்டியிற் பார்த்தால் மேடும் பள்ளமுமாகவே தோன்றும். இத்தகைய இரு பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், அவை மேட்டின் உச்சிகளில் மாத்திரமே தொடுகின்றன. உண்மையாகத் தொடும் பரப்பு, தொடுவதுபோற் தோன்றும் பரப்பில் மிகச் சிறிய பங்கே. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பௌடன், ரேபர் என்னும் இருவர் இவ்விடயத்தை ஆழ்ந்து ஆராய்ந்து 1950இல் நூலாக வெளியிட்டனர். அந்த உச்சிகளின்மேல் முழுப் பாரமும் விழுவதால் அவை நசுங்கும். சில ஒன்றோடொன்று ஒட்டிப் பின் பிய்ந்துபோம். கவசம் சில நூறு முறை ஓடியபின் உயர்ந்த உச்சிகள் தேய்ந்து தட்டையாகி, தொடும் பரப்புப் பெருகி, உராய்வு குறைந்து ஒரு நிலைக்கு வருகின்றது. தேய்ந்த உருக்குத் துகளை எண்ணெய் ஏந்திக்கொள்வதால் அது கறுத்துப் போகும். இந்தக் கறுத்த எண்ணெய்தான் அம்மியிற் கொட்டிய முதல் மாவு.

சுருள்வில்லும் இவ்வாறே. புதிய வில் முதலிற் சிறிது குறுகி, பின்னர் அந்த நீளத்திலேயே நிலைத்து நிற்கும். ரவைக்கூட்டின் வில் புதிதில் மிக விறைப்பாயிருக்கும்; கடைசி ரவையை அழுத்திப் புகுத்தப் பெருவிரல் நோகும்.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்கிவிடுவது நன்று. பழக்குதல் வேறு, வலிமைச் சோதனை வேறு. இலண்டனிலே துப்பாக்கி செய்வோர் சங்கத்துக்கு 1637இல் அரச பட்டயம் கிடைத்தது. பேமிங்ஹாம் நகரின் சோதனைச்சாலை 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அத்தகைய இடங்களில் வழக்கத்தினும் மிகையான அமுக்கத்தைத் தரும் ரவையை வெடித்து, குழல் வெடிக்கவில்லையெனக் கண்டு முத்திரை பொறிப்பர். அந்த முத்திரை சுடுபவனின் கைக்கும் கண்ணுக்கும் காப்பு. துப்பாக்கி ஒழுங்காக ஓடும் என்பதற்கு அது சான்றன்று.

ஒழுங்காக ஓடுமா என்பதைச் சோதித்த வரலாறுகளுள் மிகப் புகழ்பெற்றது அமெரிக்கப் படை 1911இல் நடத்தியது. அதன் தொடக்கத்தை அறியாமல் அதனைப் பாராட்டுவது நியாயமன்று.

1892 முதல் அமெரிக்கப் படையினர் 0.38 அங்குல வகைச் சுழல் துப்பாக்கியைக் கைக்கொண்டிருந்தனர். 1898ஆம் ஆண்டு ஸ்பானியருடன் நிகழ்ந்த போரின் விளைவாகப் பிலிப்பைன்ஸ் தீவுகள் அமெரிக்காவின் வசமாயின. தென்திசைத் தீவுகளில் வாழ்ந்த மோறோ மக்கள் அன்னிய ஆட்சிக்கு இணங்க மறுத்துக் கிளர்ந்தெழுந்தனர். குண்டுகள் பல பாய்ந்த பின்னரும் அவர்கள் வாளேந்தியபடி நெருங்குகின்றனர் என்று படையதிகாரிகள் முறையிட்டனர். சொந்த மண்ணைக் காக்க நின்றவன் வீழவில்லை என்பது ஒரு பக்கத்தாருக்கு வீரம். மறுபக்கத்தாருக்கோ அது பொறியியற் பிரச்சினை ஆயிற்று. 1906ஆம் ஆண்டு பூட் டாஹோ என்னும் எரிமலை வாயிலில் பெண்களும் பிள்ளைகளும் அடங்க நூற்றுக்கணக்கான மோறோ மக்கள் கொன்றொழிக்கப்பட்டதையும் இவ்விடத்தில் நினைக்காமலிருக்க முடியவில்லை.

இதற்கு விடை தேடி 1904இல் கப்டன் தொம்சன், மருத்துவப் பிரிவைச் சேர்ந்த மேஜர் லகார்ட் ஆகிய இருவரும் சிக்காகோவின் இறைச்சிக் கொட்டில்களுக்குச் சென்றனர். உயிருள்ள மாடுகள்மீதும் இறந்தோரின் உடல்கள்மீதும் பல அளவுக் குண்டுகளைச் சுட்டுப் பார்த்து, 0.45 அங்குலத்துக்குக் குறையாத விட்டமுடைய குண்டே வேண்டும் என அறிக்கை தந்தனர். ஒருசில மாடுகளைக் கொண்டு, சுட்ட இடமும் சுட்ட முறையும் மாறிமாறி வர நிகழ்த்திய அச்சோதனையை அறிவியல் ஆய்வென்று நான் மாணவர்க்குக் காட்டமாட்டேன். ஆனால் ஒரு நாட்டின் படை எழுபதாண்டுக்கு மேற்பட்ட காலம் ஏந்தப்போகும் ஆயுதத்தின் அளவு அங்கேதான் நிர்ணயமாயிற்று.

1907 தொடக்கம் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிறிங்பீல்ட் படைக்கலச் சாலையிற் போட்டிகள் நடந்தன. ஜேர்மனியரின் லூகர் உட்படப் பல துப்பாக்கிகள் வந்தன. ஈற்றில் எஞ்சியவை இரண்டு: கொல்ட் தொழிற்சாலைக்காக ஜோன் மோசஸ் பிறவுணிங் வடிவமைத்தது ஒன்று, சவேஜ் தொழிற்சாலையினது மற்றொன்று. பிறவுணிங் 1855இல் யூற்றா பிரதேசத்தின் ஒக்டன் ஊரில் ஒரு துப்பாக்கித் தச்சரின் மகனாய்ப் பிறந்தவர். தந்தையின் பட்டறையே அவர் கற்ற கல்லூரி. போட்டி நீண்ட அந்த நாலாண்டுக் காலமும் அவர் தமது துப்பாக்கியைத் திருத்திக்கொண்டே இருந்தார். குழலின் முன்னும் பின்னும் இருந்த இரு இணைப்புகள் பின்புறத்தில் மட்டும் ஒன்றாயின. குதிரைப் படையினரின் வேண்டுகோட்படி பெருவிரலால் இயக்கும் காப்புத் தடை சேர்ந்தது. 1910இன் இறுதியில் நடந்த சோதனையில் இரு துப்பாக்கிகளுமே குறைகாட்டின. திருத்தி வாருங்கள் என்று படையினர் திருப்பி அனுப்பினர்.

1911 மார்ச்சு மாதம் இறுதிச் சோதனை நடந்தபோது பிறவுணிங்கும் அங்கிருந்தார். ஒவ்வொரு துப்பாக்கியும் ஆறாயிரம் வேட்டுகள் தீர்த்தல் வேண்டும். நூறு வேட்டுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஆறவிடுதல், ஆயிரத்துக்கு ஒருமுறை துடைத்து எண்ணெயிடுதல், அவ்வளவே ஓய்வு. கைபொறுக்காத சூடு ஏறியபோது நீரில் அமிழ்த்தி எடுத்துத் தொடர்ந்து சுட்டனர் என்றும் கூறுவர். ஆறாயிரம் முடிந்தபோது சவேஜ் முப்பத்தேழு முறை தடங்கியிருந்தது. கொல்ட் ஒரு முறையேனும் தடங்கவில்லை. அதே மாதம் 29ஆம் தேதி அமெரிக்கப் படை அதனை ஏற்றுக்கொண்டது. ஆண்டின் பெயரே அதன் பெயராயிற்று. எந்த மோறோ மக்களைக் காரணங்காட்டி இத்தேடல் தொடங்கிற்றோ, அவர்களோடு நடந்த போர் அப்போது முடியுந்தறுவாயில் இருந்தது.

மாணவர்கள் இவ்விடத்தில் ஒரு கேள்வி கேட்டல் வேண்டும். ஆறாயிரம் என்னத்துக்கு? இருநூறு போதாதா? இன்றைக்கும் புதுத் துப்பாக்கி வாங்குவோருக்கு 200 வேட்டு முதல் 500 வேட்டுவரை சுட்டுப் பழக்குமாறு அறிவுரை கூறுவதுண்டு. தடங்கலின்றி 200 வேட்டுச் சுட்டுவிட்டால் அத்துப்பாக்கி தடங்காது என்று சொல்லலாமா?

சாத்தியக்கூற்றுக் கணிதம் சொல்லட்டும். உண்மையில் நூற்றுக்கு ஒரு முறை தடங்கும் துப்பாக்கி ஒன்றிருப்பதாகக் கொள்வோம். ஒரு வேட்டில் அது தடங்காதிருக்கும் சாத்தியம் 0.99. இருநூறு வேட்டிலும் தொடர்ந்து தடங்காதிருக்கும் சாத்தியம், 0.99ஐ இருநூறு முறை பெருக்கி வரும் தொகை. அதாவது ஏறக்குறைய 0.13. ஆகவே நூற்றுக்கு ஒரு முறை தடங்கும் எட்டுத் துப்பாக்கிகளுள் ஒன்று, இருநூறு வேட்டுச் சோதனையை மாசற்ற நல்ல பிள்ளைபோலத் தாண்டிவிடும். இதற்கொரு எளிய வாய்பாடும் உண்டு. தடங்கலின்றித் தீர்ந்த வேட்டுகளின் தொகையால் மூன்றை வகுத்தால், அத்துப்பாக்கி உண்மையில் எவ்வளவுவரை தடங்கக்கூடும் என்பதன் மேல் எல்லை, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நம்பிக்கையோடு கிடைக்கும். இருநூறுக்கு அது அறுபத்தேழில் ஒன்று. ஆறாயிரத்துக்கு இரண்டாயிரத்தில் ஒன்று. ஒவ்வொரு வேட்டும் மற்றொன்றைச் சாராதது என்னும் எடுகோளின்மேல் நிற்பது இக்கணக்கு. தேய்மானம் ஏற ஏற நிலைமை மாறும். எனினும் பழக்குதலின் உட்பொருளை இது வெளிப்படுத்துகின்றது. உருக்கைத் தேய்த்து வழவழப்பாக்குவது அதன் பாதி. மற்றப் பாதி, சான்று சேர்ப்பது. தடங்கலில்லாத ஒவ்வொரு வேட்டும் நம்பிக்கையை ஒரு மயிரிழை உயர்த்துகிறது, முழு நம்பிக்கையை எந்த எண்ணும் தருவதில்லை. பொறி மெருகேறிவிட்டது என்பதை விரல் உணரும். அது நம்பத்தக்கது என்பதை எண்ணியே அறிதல் வேண்டும்.

ஆதலால்தான் விபரமறிந்தோர் இவ்விரு வேலையையும் கலப்பதில்லை. முதலில் ரவை இல்லையென்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து உறுதிசெய்து, துப்பாக்கியைப் பிரித்து, தொழிற்சாலையில் துருவுக்காகப் பூசிய எண்ணெயைத் துடைத்துவிட்டு, உராயும் இடங்களுக்கு மட்டும் நல்லெண்ணெய் — சமையலறை நல்லெண்ணெயன்று, இயந்திர எண்ணெய் — இடுவர். சுடும் களத்திற் சில நூறு வேட்டுகள் தீர்ப்பர். அக்காலத்து நேரும் தடங்கல்களைக் குறித்துக்கொள்வாரேயன்றிப் பெரிதுபடுத்தார். ரவைக்கூடுகளுக்கு இலக்கமிட்டு வைப்பதும் உண்டு. தடங்கல் எப்போதும் இரண்டாம் இலக்கக் கூட்டிலேயே வந்தால் குற்றம் துப்பாக்கியினதன்று என்பது தெளிவாகும். பின்னர் துடைத்து எண்ணெயிட்டு, கணக்கைச் சுழியிலிருந்து மீண்டும் தொடங்குவர். இரண்டாம் முறை எண்ணுவதே சான்று.

தடங்கலுக்குச் சுடுபவனும் காரணமாகலாம் என்பது விந்தையான செய்தி. கவசம் பின்னோக்கி ஓடுவது பிடியைச் சார்ந்த ஓட்டம். மணிக்கட்டுத் தளர்ந்து பிடியும் கூடவே பின்வாங்கினால் இரண்டுக்கும் இடையிலுள்ள சார்பியக்கம் குறைந்துபோம். கவசம் முழுத் தூரம் ஓடாது, வெற்றுக்கூடு சிக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாய், புதிதாய்ச் சுடுபவர் துப்பாக்கியை ஏசுவர். முதல் சில நூறு வேட்டுகளிற் பழகுவது எது, துப்பாக்கியா கையா என்று பிரித்தறிவது எளிதன்று.

எல்லாப் புதுத் துப்பாக்கிக்கும் ஒரே அளவு பழக்கம் வேண்டுவதுமில்லை. பிறவுணிங்கின் துப்பாக்கியைப் படைக்குச் செய்தபோது பகுதிகளுக்கிடையே தாராளமாக இடைவெளி விட்டனர். சேறும் மணலும் புகுந்தாலும் ஓடவேண்டும், ஒன்றன் பகுதியை மற்றொன்றிற் பொருத்தக் கூடியதாயிருக்கவேண்டும் என்பதே நோக்கம். அத்தகையது பெட்டியிலிருந்து எடுத்தவுடனே ஏறக்குறையப் பழகிய பொருள். ஆனால் இலக்குச் சுடும் போட்டிக்காரர் குண்டு ஒரே புள்ளியில் விழவேண்டுமென விரும்பி, அதே துப்பாக்கியைக் கையால் அராவி இறுக்கமாய்ப் பொருத்திக்கொண்டனர். இறுக்கம் மிகுந்தால் குறி தப்பாது, தடங்கல் மிகும். ஐந்நூறு வேட்டு என்னும் அறிவுரை பெரும்பாலும் இவ்வகைக்கே உரியது. துருப்பிடியா உருக்கினாற் செய்த ஆரம்பகாலத் துப்பாக்கிகளோ இன்னும் மோசம். ஒரே வகை உருக்கு ஒன்றையொன்று கவ்விப் பிய்த்துக்கொண்டது. உராயும் இரு பகுதிகளுக்கும் வேறுவேறு கடினம் கொடுத்த பின்னரே அந்நோய் தணிந்தது. 1980களில் ஒஸ்திரிய நாட்டுக் குளொக் வந்தபின் பிடி பிளாஸ்ரிக்காயிற்று. கவசம் ஓடுவது நாலு சிறு உருக்குத் துண்டுகளின்மேல் மட்டுமே. தொழிற்சாலை பூசிவிட்ட செம்புநிற மசகைத் துடைக்காதீர்கள், அது முதற் பழக்கத்துக்கு உதவும் என்பது அதைச் செய்தோரின் குறிப்பு.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே பிறவுணிங்கின் துப்பாக்கிக்குத் தேவை பெருகியபோது அமெரிக்க அரசாங்கம் அதனைத் துப்பாக்கித் தொழிலில் ஈடுபடாதோரிடமும் செய்வித்தது. தட்டச்சுப் பொறி செய்த றெமிங்ரன் றான்ட், புகையிரதச் சமிக்ஞை செய்த ஒரு கம்பனி என்பன அவற்றுட் சில. நம் வீட்டு விறாந்தையில் அம்மாவின் கால்மிதியோடு நிற்கும் தையற் பொறியைச் செய்த சிங்கர் கம்பனியாரும் 500 துப்பாக்கிகள் செய்து கொடுத்தனர். அதற்குமேல் அவர்களிடம் கேட்கவில்லை. வேறு நுட்பமான கருவிகள் செய்ய அவர்களை அமர்த்தினர். அந்த 500இல் எஞ்சியவற்றுக்கு இன்று பழம்பொருள் சேகரிப்போர் கொடுக்கும் விலை, ஒரு வீடு கட்டப் போதும்.

பிறவுணிங் 1926 நவம்பரில், பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கு அருகே, தாம் வடிவங்கள் செய்து கொடுத்த தொழிற்சாலையிலேயே இதயம் நின்று காலமானார். அவரது கைத்துப்பாக்கி 1985வரை அமெரிக்கப் படையின் முறையான ஆயுதமாயிருந்தது. அவ்வாண்டிலே இத்தாலியரின் பெறெற்றா அதன் இடத்தைப் பிடித்தது. 1945க்குப் பின் படையினர் புதிதாக ஒன்றையும் வாங்கியிருக்கவில்லையாதலால், கையளிக்கப்பட்டவற்றுள் நாற்பது வயதுக்குக் குறைந்தது இல்லை. வில்லும் குழலும் பலமுறை மாற்றி, ஒன்றன் கவசத்தை மற்றொன்றின் பிடியிற் பொருத்தி, படைக்கலச் சாலைகள் அவற்றை மீண்டும் மீண்டும் புதுப்பித்து அனுப்பியிருந்தன. காதருகே பிடித்து அசைத்தால் கிலுகிலுப்பைபோல் அவை ஒலித்தனவாம்.